சிக்னல் நிறம் போட்டு வரும் எச்சரிக்கைகள்: நெல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினித் தாக்குதல் பற்றிய எச்சரிக்கைகள் இப்போது பெரிய வங்கிகளுக்கு மட்டும் வருவதில்லை. பாளையங்கோட்டை மருத்துவமனைக்கும், டவுன் ஜவுளிக்கடைக்கும், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை பராமரிக்கிற நிறுவனத்துக்கும் வருகின்றன. மெயிலின் தலையில் ஒரு நிறத்தின் பெயர் இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் சிலர் நல்லெண்ணத்தில் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே கெடுதல். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

மெயில் தலைப்புல ‘டி.எல்.பி.:ஆம்பர்’னு போட்டு வருது. அப்படின்னா என்னது?

டிராஃபிக் லைட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம்தான் டி.எல்.பி. தமிழில் சிக்னல் விளக்கு முறை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் செய்தி உங்கள் கையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அனுப்புகிறவர் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற ஏற்பாடு. 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டன் அரசின் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம், தனியார் நிறுவனங்களோடு தகவல் பரிமாறிக்கொள்வதற்காக உண்டாக்கியது. கணினி அவசர உதவிக் குழுக்களின் உலகக் கூட்டமைப்பான ‘ஃபர்ஸ்ட்’ 2016-ல் இதை எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவமாக்கியது. இப்போது புழங்குவது 2022 ஆகஸ்டில் வந்த 2.0 பதிப்பு.

முதலிலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறம் ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. சிவப்பு வந்தால் பெரிய வைரஸ், பச்சை வந்தால் சின்ன வைரஸ் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மென்பொருளில் இருக்கிற மிக மோசமான பாதுகாப்பு ஓட்டையைப் பற்றிய எச்சரிக்கை, எல்லோரும் உடனே அடைக்க வேண்டும் என்பதற்காகவே, கட்டுப்பாடு எதுவும் இல்லாத ‘கிளியர்’ முத்திரையோடு வரலாம்.

எத்தனை நிறம் இருக்கு? ஒரு தடவை வெளங்குத மாதிரி சொல்லுங்களேன்.

நான்கு முத்திரைகள்: ரெட், ஆம்பர் (சிக்னலின் மஞ்சள்), கிரீன், கிளியர். ஆம்பருக்கு மட்டும் ‘ஆம்பர்+ஸ்டிரிக்ட்’ என்று இறுக்கமான ஒரு வகை உண்டு. ஆக, நடைமுறையில் ஐந்து படிகள்.

ஒரே சுற்றுச்சுவருக்குள் பல குடும்பங்கள் இருக்கிற நம் ஊர் வளவு வீடுகளை நினைத்துக்கொண்டால் எளிது. ரெட் என்பது காதோடு சொன்னது. யார் காதில் விழுந்ததோ அவரோடு சரி. கூட்டத்தில் சொல்லப்பட்டால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களோடு சரி. ஆம்பர்+ஸ்டிரிக்ட் வீட்டுக்குள் மட்டும்: உங்கள் நிறுவனத்தில் தெரிந்தாக வேண்டியவர்களுக்குச் சொல்லலாம், வாசலைத் தாண்டக் கூடாது. ஆம்பர் என்றால் நிறுவனத்துக்குள்ளும், உங்களை நம்பி இருக்கிற வாடிக்கையாளர்களுக்கும். அங்கேயும் தெரிந்தாக வேண்டியவர்களுக்கு மட்டும்தான். கிரீன் என்றால் வளவு முழுக்கச் சொல்லலாம், தெருவில் நின்று சொல்லக் கூடாது. கிளியர் தெருவுக்கே சொல்லலாம். அதிலும் பதிப்புரிமை அனுப்பியவருடையதுதான்.

நான் பதினஞ்சு கடைக்கு கம்ப்யூட்டர் பாக்கேன். எனக்கு ஆம்பர்ல ஒரு எச்சரிக்கை வந்தா அந்தக் கடைக்காரங்ககிட்ட சொல்லலாமா, கூடாதா?

சொல்லலாம். ஆம்பரில் வாடிக்கையாளர்களைச் சேர்த்திருப்பதே இதற்காகத்தான். இந்த முறையில் வாடிக்கையாளர் என்றால், உங்களிடம் கணினிப் பாதுகாப்புச் சேவை பெறுகிறவர். அந்தப் பதினைந்து கடைகளில் பில் போடும் மென்பொருளை நீங்கள்தான் கவனிக்கிறீர்கள், எச்சரிக்கையும் அந்த மென்பொருளைப் பற்றியது என்றால், அவர்களிடம் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் ‘தெரிந்தாக வேண்டியவர்’ என்ற வடிகட்டி அங்கேயும் உண்டு. பதினைந்தில் ஆறு கடை மட்டும் அந்த மென்பொருளை வைத்திருந்தால் ஆறு பேருக்கு மட்டும் சொல்லுங்கள்.

ஆம்பர்+ஸ்டிரிக்ட் என்று வந்தால் கதை வேறு. உங்களுக்கும் உங்கள் பணியாளர்களுக்கும் மட்டும். கடைக்காரரிடம் எதுவும் சொல்லக் கூடாது. அந்தக் கடைகளைக் காப்பாற்ற வேறு வழி இல்லையென்றால் அனுப்பியவரையே கேளுங்கள்: “இந்த ஆறு வாடிக்கையாளருக்கு இந்த இரண்டு வரியை மட்டும் சொல்ல அனுமதி வேண்டும்.” சரி என்று எழுத்தில் வந்த பிறகு சொல்லுங்கள். போனில் சொன்ன அனுமதி நாளைக்கு யார் நினைவிலும் இருக்காது.

ரெட்ல வந்தா எங்க மொதலாளிகிட்டகூட சொல்லக்கூடாதாமே? நல்லா இருக்கே!

கூடாது. உங்கள் பெயருக்கு வந்தது என்றால் உங்களுக்கு மட்டும்தான். ‘மேலதிகாரி’ என்ற விதிவிலக்கு இதில் இல்லை. இடக்காகத் தோன்றினாலும் காரணம் உண்டு. ரெட் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும் தாக்குதலைப் பற்றியது. யார் வீட்டில் திருடன் உள்ளே இருக்கிறான் என்பது வெளியே தெரிந்தால் அவன் சுவடே இல்லாமல் அழித்துவிட்டுப் போய்விடுவான், அல்லது பாதிக்கப்பட்டவர் பெயர் கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியது இதுதான். அனுப்பியவரை அழையுங்கள். யாரிடம், எதற்காகச் சொல்ல வேண்டும் என்று ஆளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: “சர்வரை நிறுத்த உரிமையாளர் ஒப்புதல் வேண்டும், அவர் ஒருவருக்கு மட்டும்.” அல்லது ஆம்பர்+ஸ்டிரிக்டில் சுருக்கமாக ஒரு பிரதி எழுதித் தரச் சொல்லுங்கள். பொறுப்பான அனுப்புநர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். அனுமதி வரும்வரை உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிற வேலையை, காரணம் சொல்லாமலே செய்யலாம்: கடவுச்சொல் மாற்றுவது, பேக்கப் எடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்து பேர் திறக்கிற பொது மெயில் பெட்டிக்கு ரெட் அனுப்புவது அனுப்புகிறவரின் தவறு. உங்கள் அலுவலகத்துக்கு அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால், முன்கூட்டியே ஒருவருடைய தனி மெயிலையும் செல்பேசி எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

நிறத்தை யார் போடணும்? நாங்களும் போடலாமா?

தகவல் யாரிடமிருந்து கிளம்புகிறதோ அவர் போட வேண்டும். நீங்கள் கிளப்பினால் நீங்கள்தான். வாங்குகிறவருக்கு அந்த நிறத்தின் அர்த்தம் தெரியுமா என்று பார்க்கிற பொறுப்பும் உங்களுடையதே. தெரியாத ஒருவருக்கு அனுப்பினால், நிறத்துக்குக் கீழே நல்ல தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: “இது உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும்.” நிறத்தோடு கூடுதல் கட்டுப்பாடும் சேர்க்கலாம். “வெள்ளிக்கிழமை வரை கணக்குப் பிரிவுக்குச் சொல்ல வேண்டாம்” என்று எழுதியிருந்தால் வாங்கியவர் அதையும் மதிக்க வேண்டும்.

எந்த நிறம் போடுததுன்னுதான் கொழப்பமா இருக்கு. எப்படி முடிவு பண்ணுதது?

இரண்டு கேள்வி போதும். இது யாரிடம் போய்ச் சேர்ந்தால் உபகாரம்? யாரிடம் போனால், யாருக்குக் கெடுதல்? முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்பவர்கள் எல்லாவற்றுக்கும் ரெட் போடுவார்கள்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கடைக்கு ‘பாக்கித் தொகை விவரம்’ என்று ஒரு மெயில் வந்தது. இணைப்பைத் திறந்ததும் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. இதில் இரண்டு வகைத் தகவல் இருக்கிறது. அந்த மெயில் வந்த முகவரி, தலைப்பு, இணைப்பின் பெயர், கோப்பின் ஹாஷ் எண் (கோப்பிலிருந்து கணக்கிடுகிற, கைரேகை மாதிரியான அடையாள எண்), அது தொடர்புகொண்ட இணைய முகவரி: இவை எல்லாக் கடைக்கும் பயன்படும், உங்களுக்கு நஷ்டமில்லை. கிரீன் போடலாம், பல நேரம் கிளியரே போடலாம். எந்தப் பணியாளர் திறந்தார், எந்தச் சர்வருக்கு அப்டேட் போடவில்லை, பேக்கப் இருக்கிறதா, பணம் கேட்டு எவ்வளவு மிரட்டுகிறான்: இவை வெளியே போனால் உங்களுக்கும் அந்தப் பணியாளருக்கும் கெடுதல். ரெட் அல்லது ஆம்பர்+ஸ்டிரிக்ட்.

இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதிவிட்டு ரெட் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. பக்கத்துக் கடையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நான்கு வரி, உங்கள் ரகசியத்தோடு சேர்ந்து பெட்டிக்குள் போய்விடுகிறது. எழுதும்போதே இரண்டு தாளாக எழுதுங்கள். எதிராளியின் அடையாளம் ஒன்றில், நம் வீட்டு விவரம் இன்னொன்றில்.

எல்லாத்துக்கும் ரெட் போட்டுட்டா பாதுகாப்புதான? எதுக்கு ரிஸ்க்?

மேலே சொன்ன காரணமே பெரிய காரணம். இன்னொன்றும் இருக்கிறது. எல்லாமே ரெட்டாக வந்தால் வாங்குகிறவர் ரெட்டையே மதிக்க மாட்டார். பத்தில் ஒன்பது வெறும் பொதுத் தகவல் என்று தெரிந்ததும், பத்தாவதையும் சாதாரணமாகத் தட்டிவிடுவார். உண்மையிலேயே காதோடு சொல்ல வேண்டியது வரும்போது உங்கள் கையில் சொல்வதற்கு வார்த்தையே இருக்காது.

தாமிரபரணியில் கூடுதல் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்றால் கரையோரத்தில் இருக்கிற கடைசி வீடுவரை செய்தி போக வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கணினி எச்சரிக்கைகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. அவற்றுக்குக் கிளியர் போடத் தயங்காதீர்கள்.

முத்திரையை எங்கன போடணும்? தமிழ்ல ‘சிவப்பு’ன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. உள்ளடக்கத்தை எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்க்கலாம். முத்திரை மட்டும் ஆங்கில மூலவடிவத்திலேயே நிற்க வேண்டும் என்று 2.0 பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆங்கில கேபிட்டல் எழுத்தில், மூன்று எழுத்துச் சுருக்கம், ஒட்டி ஒரு முக்காற்புள்ளி, ஒட்டி நிறத்தின் பெயர். நடுவில் இடைவெளி கிடையாது. மெயில் மென்பொருள் முத்திரையைத் தேடிப் பிடிக்க வேண்டுமானால் எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? கீழே தமிழ் விளக்கம் சேர்ப்பதில் தடையில்லை.

மெயிலில் தலைப்பு வரியிலும், தகவல் தொடங்குகிற இடத்துக்கு நேர் மேலேயும் போடுங்கள். தேவையென்றால் எந்த வரியோடு அது முடிகிறது என்றும் குறியுங்கள். ஆவணம் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அடியிலும், வலப்பக்கம் ஒதுக்கி, 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால், மூன்றாம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவருக்கு முத்திரை கண்ணிலேயே படாது. நிறம் தீட்டுவதானால் பின்னணி கறுப்பு. எழுத்துக்கு, சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசையில், ரெட் 255, 43, 43. ஆம்பர் 255, 192, 0. கிரீன் 51, 255, 0. கிளியர் 255, 255, 255.

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் போட வேண்டும். ஐந்து செய்தியாக அனுப்பி முதலாவதில் மட்டும் போட்டால், நான்காவதை ஃபார்வர்டு செய்கிறவர் முத்திரை இல்லாமலே அனுப்பிவிடுவார். படமாக அனுப்பினால் படத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

ஒரே மெயில்ல பச்சையும் மஞ்சளும் ரெண்டும் இருந்தா எதை எடுத்துக்கிடணும்?

பகுதி பகுதியாகக் குறித்திருந்தால் அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த நிறம். முழு மெயிலையும் அனுப்புவதானால் உள்ளே இருப்பதில் இறுக்கமானது எதுவோ அதுவே முழுவதற்கும். தலைப்பில் கிரீன், உள்ளே ஆம்பர் என்று முரணாக இருந்தால் இறுக்கமானதைக் கடைப்பிடித்துவிட்டு, அனுப்பியவரிடம் கேளுங்கள்.

எங்க வாட்ஸ்அப் குரூப்புல முந்நூறு பேர் இருக்கோம், எல்லாரும் கம்ப்யூட்டர் ஃபீல்டுதான். கிரீன்னா அதுல போடலாம்லா?

‘வளவு’ என்பது ஒரே நோக்கமும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் உள்ள கூட்டம். முந்நூறு பேரில் ஒவ்வொருவரும் யார் என்று நிர்வாகிக்குத் தெரியுமா? சேரும் இணைப்பு பொதுவில் சுற்றிக்கொண்டு இருக்கிறதா? இணைப்பைத் தட்டி எவரும் உள்ளே வரலாம் என்றால் அது தெருதான், வளவு இல்லை. அங்கே கிளியர் மட்டும்.

சரிசெய்ய வழி உண்டு. பழைய இணைப்பை ரத்துசெய்யுங்கள். புதியவர்களை நிர்வாகி அனுமதித்தால்தான் சேரலாம் என்று மாற்றுங்கள். வேலை மாறிப்போனவர்களை நீக்குங்கள். அனுப்பியவர் எந்தக் கூட்டம் என்று சொல்லாமல் கிரீன் போட்டிருந்தால் கணினிப் பாதுகாப்புத் துறையினர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிண்டர் விற்பனைக்காரரும் ரியல் எஸ்டேட் விளம்பரம் போடுகிறவரும் அதில் சேர மாட்டார்கள்.

ஆம்பர்ல வந்த ஃபைலை வைரஸா இல்லையான்னு பாக்க ஆன்லைன் ஸ்கேன்ல ஏத்துனோம். அது பகிர்ந்ததா ஆகுமா?

ஆகும். வைரஸ்டோட்டல் போன்ற பொதுத் தளங்களில் ஏற்றுகிற கோப்பு, அங்கே சந்தா வைத்திருக்கும் ஆய்வாளர்கள் கைக்குப் போகும். தாக்குகிறவர்களும் தங்கள் கோப்பு அங்கே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோப்பை ஏற்றாதீர்கள். உங்கள் கணினியிலேயே அதன் ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள். எச்சரிக்கையில் இருக்கும் இணைய முகவரியைப் பிரவுசரில் திறந்து பார்ப்பதும் கூடாது. அலுவலகத்தின் முகவரி எதிராளியின் பதிவேட்டில் விழுந்துவிடும்.

கோப்புக்குள் என்ன எழுதியிருக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 2019 அக்டோபர் இறுதியில், வைரஸ்டோட்டலில் கிடந்த ஒரு வைரஸ் மாதிரிக்குள் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நெட்வொர்க் பெயர் இருந்ததை வெளியாட்கள் கண்டு சமூக ஊடகத்தில் எழுதினார்கள். அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் வைரஸ் இருந்தது உண்மை என்றும், முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரிந்தே இருக்கிறது என்றும், செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் (மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழு) இதைத் தெரிவித்தது என்றும் அறிக்கை தந்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்பதை ஒரு கோப்பே சொல்லிவிடும்.

இணையத்தில் மொழிபெயர்க்கக் கொடுப்பதும், ஏஐ அரட்டையில் ஒட்டி விளக்கம் கேட்பதும் இதே கணக்குதான். கிளியருக்குச் செய்யலாம். மற்றதற்கு, உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும் சேவையாக இல்லாவிட்டால் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் மெயில் திறந்து பிரிண்ட் எடுப்பதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். அங்கே கணினியின் டவுன்லோடு ஃபோல்டரில் பிரதி தங்கிவிடும்.

பேரை எல்லாம் எடுத்துட்டு, ஐ.பி. முகவரியை மட்டும் அனுப்பினா நிறம் கொறையுமா?

தானாகக் குறையாது. பெயரை எடுத்தாலும் தகவல் அனுப்பியவருடையது. எதை எடுத்தால் அடையாளம் மறையும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். “நம் மாவட்டத்தில் ஒரு பெரிய மின்நிலையம்” என்று எழுதினால் பெயரை எடுத்ததாக ஆகுமா? வெட்டிச் சுருக்கிய வடிவத்தை அனுப்பியவருக்கே காட்டி, “இதைக் கிரீனாகப் போடலாமா” என்று கேளுங்கள். இறுக்குவதற்குத் தடையில்லை. தளர்த்துவதற்கு அனுமதி வேண்டும்.

தெரியாம குரூப்புல தட்டிவிட்டுட்டேன். இப்போ என்ன செய்ய?

உடனே ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அதற்குச் சுமார் இரண்டரை நாள் அவகாசம் உண்டு. ஆனால் பார்த்தவர் பார்த்தவர்தான். நீக்கியதும் அனுப்பியவரை அழைத்து நான்கு விஷயம் சொல்லுங்கள்: எது போனது, எந்தக் குழுவுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் படித்ததாகக் காட்டுகிறது. மறைக்க வேண்டாம். எதிராளிக்குச் செய்தி எட்டியிருக்குமா என்று அனுப்பியவர் கணக்குப் போட வேண்டும். அதற்கு இந்த நேரம்தான் வேண்டும். குழுவில் “முந்தைய செய்தியைப் பகிர வேண்டாம்” என்று ஒரு வரி போடுங்கள். என்ன செய்தி என்று விளக்காதீர்கள்.

இது சர்க்கார் ‘ரகசியம்’னு முத்திரை குத்துதது மாதிரியா? மீறினா ஜெயிலா?

இல்லை. அரசு ஆவணங்களில் அதிரகசியம், ரகசியம் என்று தர வரிசை உண்டு. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமும் உண்டு. டி.எல்.பி. அப்படியொரு முறையான தரப்பிரிவு அல்ல. சட்டமும் அல்ல. எங்கே பூட்டி வைப்பது, எப்படிச் சங்கேதமாக்குவது என்றும் அது சொல்வதில்லை. நம்பிக்கையில் நிற்கிற ஏற்பாடு. மீறினால் அடுத்த தடவை உங்களுக்குத் தகவல் வராது, அது சின்னத் தண்டனை அல்ல. உங்கள் ஒப்பந்தத்தில் இதைக் கடைப்பிடிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அந்த ஒப்பந்தப்படி நடவடிக்கை வரலாம்.

அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள் தகவல் அறியும் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். டி.எல்.பி. முத்திரை அந்தச் சட்டத்தைத் தடுக்காது. மனு வந்தால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்குப் பிரிவுகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எங்க சிஸ்டத்துலயே தாக்குதல் நடந்துட்டு. ரெட் போட்டு வச்சிருக்கோம். அப்போ செர்ட்-இன்னுக்கும் சொல்ல வேண்டாம்லா?

சொல்லியே ஆக வேண்டும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, பட்டியலில் உள்ள தாக்குதல்களை நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800-11-4949. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. நீங்கள் போட்ட நிறம் உங்கள் சட்டக் கடமையைக் குறைக்காது. அறிக்கையிலேயே ரெட் முத்திரை போட்டு அனுப்பலாம். பணம் போயிருந்தால் அதோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் உடனே அழையுங்கள்.

பழைய மெயில்ல ‘ஒயிட்’னு இருக்கு. அது எந்தக் கணக்கு?

கிளியரின் பழைய பெயர். 2.0 பதிப்பில் மாற்றினார்கள், ஆம்பர்+ஸ்டிரிக்டும் அப்போதுதான் சேர்ந்தது. பழைய மெயிலைத் திருத்த வேண்டாம். புதிதாக எழுதும்போது கிளியர் என்றே போடுங்கள்.

நோயாளி பட்டியல், சொசைட்டி உறுப்பினர் விவரத்துக்கெல்லாம் ஆம்பர் போட்டு அனுப்பினா போதுமா?

போதாது. ஓர் எச்சரிக்கைக்கு நோயாளியின் பெயரோ ஆதார் எண்ணோ பெரும்பாலும் தேவையே இல்லை. ‘பாதிக்கப்பட்ட பதிவுகள்: 400’ என்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போதுதான் பெயர்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அனுப்புமுன் வெட்டுங்கள். மேலே கறுப்புப் பட்டை வரைந்தால் சில செயலிகளில் அதை விலக்கிப் பார்த்துவிடலாம்.

அந்த விவரங்கள் கசிந்தே விட்டன என்றால், அது நிறம் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. உங்கள் பட்டியல் எந்தக் கணினியில், யார் பொறுப்பில், எத்தனை பிரதியாக இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கசிந்த பிறகு அதைத் தேடத் தொடங்கினால் முதல் நாள் அதிலேயே போய்விடும்.